கால் மதிப்பெண்ணின் எடை: தமிழ்நாட்டு மாணவர் சேர்க்கையும் தகுதி என்னும் கணக்கும்

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் கணினி ஒரு ரேண்டம் எண்ணை ஒதுக்குகிறது. பெரும்பாலோருக்கு அந்த எண்ணால் ஆவது ஒன்றுமில்லை. இருவர் ஒரே கட்-ஆஃப் பெற்றிருந்தால் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் இயற்பியல், பிறகு விருப்பப்பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம் என்று வரிசை நீள்கிறது. அதற்கும் பிறகு பிறந்த தேதி. வயதில் மூத்தவர் முன்னே. தேதியும் ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண் பெட்டியிலிருந்து வெளியே வரும். பெரிய எண் வைத்திருப்பவருக்கு முதலிடம்.

இந்த விதியைச் சற்று நிதானமாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். மார்ச்சில் பிறந்தவர் ஏப்ரலில் பிறந்தவரைவிடச் சிறந்த பொறியாளர் ஆவார் என்று எவரும் நம்புவதில்லை. ஆனாலும் குலுக்கல் என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு முன்னால், தகுதி போலத் தோற்றமளிக்கும் எதையாவது பிடித்துக்கொள்ள அரசு முயல்கிறது. அளவை எங்கே முடிகிறது, குலுக்கல் எங்கே தொடங்குகிறது? விதி இந்த எல்லையை வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறது. அது உண்மையில் அங்கேதான் இருக்கிறதா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

தமிழ்நாட்டில் மாணவர் தேர்வு குறித்த விவாதம் நூறாண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே அச்சில் சுழன்றிருக்கிறது: எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம்? அது தேவையான விவாதம், இன்னும் தீராதது. ஆனால் ஒவ்வொரு பிரிவின் பட்டியலுக்குள்ளும் ஒருவர் மேலேயும் இன்னொருவர் கீழேயும் எப்படி வருகிறார் என்ற கேள்வி அதே தீவிரத்தோடு கேட்கப்படவில்லை. இடஒதுக்கீட்டை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இந்த ஒரு புள்ளியில் ஒத்துப்போகிறார்கள். தத்தம் பட்டியலில் 198.25 எடுத்தவர் 198 எடுத்தவருக்கு மேலே என்பதை இரு தரப்பும் கேள்வியின்றி ஏற்கின்றன. அந்தக் கால் மதிப்பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

2. தேர்ந்தெடுப்பவர் மீதான ஐயம்

விடையின் பெரும்பகுதி நேர்முகத் தேர்வின் வரலாற்றில் இருக்கிறது. 1921இல் நீதிக்கட்சி அரசு பிறப்பித்து, 1920களின் இறுதியில் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் நடைமுறை வலுப்பெற்ற வகுப்புவாரி அரசாணை, பின்னர் கல்லூரி இடங்களுக்கும் விரிந்தது. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்ற கணக்கை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாதென அறிவித்தது. அதற்கு மறுமொழியாக அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இது பலமுறை எழுதப்பட்ட கதை. குறைவாக எழுதப்பட்டது, அடுத்த இருபதாண்டுகளில் பட்டியல்களுக்குள் நடந்தது.

1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பாட மதிப்பெண் 200க்கும் நேர்முகத் தேர்வு 75க்கும் கணக்கிடப்பட்டன. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல்திடம், பொதுத்திறன், மருத்துவத்துக்கான நாட்டம் ஆகியவற்றை அந்த 75 அளக்க வேண்டும். பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, குழு ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் இடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தது தெரியவந்தது. 275இல் 75 என்றால் நாலில் ஒரு பங்குக்கும் மேல். கையெழுத்துப் போடும் மூவர் நால்வரின் மனநிலையில் ஒருவருடைய பாடமதிப்பெண் முழுவதும் கரைந்துபோகக்கூடிய அளவு அது.

பத்தாண்டுகளுக்குப் பின் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் (1981) இன்னும் தெளிவான சித்திரம் கிடைத்தது. எழுத்துத் தேர்வுக்கு 100, வாய்மொழித் தேர்வுக்கு 50. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள். கேட்ட கேள்விகளோ பெற்றோர் யார், வீடு எங்கே என்பவை என்று மனுதாரர்கள் முறையிட்டார்கள். கல்லூரிச் சேர்க்கையில் வாய்மொழித் தேர்வுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் கூறியது. உரையாடலை ஒலிநாடாவில் பதிவுசெய்யலாம் என்றும் யோசனை சொன்னது. அதே ஆண்டு லீலா தர் வழக்கில் வேறொரு பக்கத்தையும் அது எடுத்துரைத்தது: முதிர்ந்த வயதில் பணிக்கு வருவோரின் ஆளுமையை அறிய நேர்முகத்துக்கு அதிக எடை தருவது தவறல்ல. 1985இல் ஹரியானா வழக்கொன்றில் அந்த எடையும் 12.2 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டுமெனச் சுருங்கியது.

ஆய்வுலகச் சான்றுகள் நீதிமன்றத்தின் ஐயத்தை ஆதரிக்கின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் எதிர்பாராத ஒரு சோதனை நடந்தது. நேர்முகம் முடிந்து 150 பேரைச் சேர்த்தபின் மாநிலச் சட்டமன்றம் இடங்களை 200ஆக உயர்த்தியது. சேர்க்கையில் மிச்சமிருந்தவர்கள், நேர்முகம் கண்ட 800 பேரில் கடைசி நூறில் வைக்கப்பட்டவர்கள். அவர்களிலிருந்து 50 பேர் எடுக்கப்பட்டார்கள். படிப்பிலும் மருத்துவமனைப் பயிற்சியிலும் இடைநிற்றலிலும் இரு அணிகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்று 1987இல் வெளியான ஆய்வு கூறியது. வேலைத் தேர்விலும் நிலைமை இதுவே. ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998இல் தொகுத்த பேராய்வு, வரையறுக்கப்பட்ட கேள்விகளைக் கொண்ட நேர்முகத்துக்கும் பின்னாளைய பணித்திறனுக்குமான தொடர்பை 0.51 என்றும், விருப்பம்போல் பேசும் நேர்முகத்துக்கு 0.38 என்றும் மதிப்பிட்டது. சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022இல் கணக்கைத் திருத்தியபோது அவை 0.42, 0.19 என இறங்கின. நாம் பெரும்பாலும் காண்பது இரண்டாவது வகைதான்.

பாகுபாட்டுச் சான்று இதனினும் கசப்பானது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் வேலைகளுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதி, மதப் பெயர்களில் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம், நியாயமான பெருமைதான். நேர்முக அறையில் அந்த வேலையை ‘எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?’ என்ற விசாரிப்பு செய்துவிடுகிறது.

எனவே மதிப்பெண் பெற்ற வெற்றியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பெயர் மறைத்து, டம்மி எண் ஒட்டி, முகமறியாத ஆசிரியர் திருத்திய தாளுக்குச் சிபாரிசுக் கடிதம் செல்லாது. மாவட்ட அதிகாரியின் மகளும் மாட்டுவண்டிக்காரர் மகளும் ஒரே எண்ணால் அளக்கப்படுகிறார்கள் என்ற நம்பிக்கை சாதாரணமானதல்ல. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 முதல் நேர்முகம் ஒழிக்கப்பட்டதும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 2 பணிகளில் அதைக் கைவிட்டதும் இதே வழியில் வந்தவை. மதிப்பெண் இங்கே அரியணை ஏறியதற்குக் காரணம் அதன் துல்லியம் அல்ல. தேர்ந்தெடுப்பவரை அறைக்கு வெளியே நிறுத்தும் அதன் ஆற்றல். இவ்விரண்டும் வெவ்வேறு குணங்கள். பொதுவிவாதம் இரண்டாவதை முதலாவதாக எண்ணிக் குழம்பியதில்தான் சிக்கல் பிறந்தது.

3. எந்தத் தேர்வின் மதிப்பெண்?

தேர்ந்தெடுப்பவர் வெளியேறியபின் சண்டை தேர்வுகளுக்கிடையே மூண்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-85 கல்வியாண்டில், தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. மருத்துவத்துக்குப் பிளஸ் டூவில் 200, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300 என்ற கணக்கு இருபதாண்டுகள் நிலவியது. 2005இல் ஜெயலலிதா அரசு அதை ரத்துசெய்து ஆணையிட்டது; சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2006இல் கொண்டுவந்த சட்டமும் நிலைக்கவில்லை. ஆட்சி மாறியபின் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையின்பேரில் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டமே நிலைத்தது. இரண்டு கட்சிகளும் ஒரே திசையில் நடந்த அரிதான விவகாரங்களில் இது ஒன்று.

அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பமான பிரிவு உண்டு. மாநில வாரியம், சி.பி.எஸ்.இ. போன்ற வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது? ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தின் உச்ச மதிப்பெண்ணை 100 என்று கொள்ள வேண்டும். மாநில வாரியத்தில் இயற்பியலின் உச்சம் 100, பிற வாரியத்தில் 90 என்றால், அந்த 90உம் 100 ஆகிவிடும். அங்கே 60 எடுத்தவருக்கு 66.66. எளிமையான முறைதான். ஆனால் ஒரு வாரியத்தின் பல்லாயிரம் மாணவர்களின் மதிப்பெண்ணும் அவ்வாண்டு முதலிடம் பெற்ற ஒரே ஒருவர் அன்று ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாரா இல்லையா என்பதைத் தொற்றி நிற்கிறது. 66.66 என்ற இரண்டு தசமங்கள் அந்தத் தற்செயலை மூடி மறைக்கின்றன.

பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்ற காலத்தைப் பொற்காலமாக நினைவுகூர்வோர் நாமக்கல்லையும் ராசிபுரத்தையும் மறந்துவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் ஒப்பிக்க வைக்கும் விடுதிப் பள்ளிகள் அந்தக் காலத்தின் விளைச்சல். இயற்பியல் தாளுக்கு 200 மதிப்பெண். கட்-ஆஃபில் அதற்கு 50. ஆகவே தாளில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் கால் போகும். மருத்துவத்துக்குப் பொதுப்பிரிவு கட்-ஆஃப் 197ஐத் தாண்டி நின்ற ஆண்டுகளில் அந்தக் கால் மதிப்பெண்ணுக்குள் பெருங்கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அரசுப் பள்ளியில் படித்து அரசு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் நீட் என்னும் தேசிய மருத்துவ நுழைவுத் தேர்வு வருவதற்கு முன்பும் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். 2017இல் மாநில அரசு பொதுத் தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியதும், பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு கொண்டுவந்ததும் இந்த நோய்க்குக் கொடுத்த மருந்துகள்.

அதே 2017இல் நீட் தமிழ்நாட்டுக்கு முழுமையாக வந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ரத்துசெய்த தேர்வு, 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டதால் உயிர்பெற்றது. நீட்டை ஆதரிப்போரின் வாதத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், தனியார் கல்லூரிகள் தாமே தேர்வு வைத்துத் தாமே இடத்தை விற்றுக்கொண்டிருந்த வழக்கத்துக்கு அது ஓரளவு தடைபோட்டது. ஆனால் தகுதிக் கோடு பொதுப்பிரிவுக்கு 50 பெர்சன்டைல் என்ற தாழ்ந்த இடத்தில் இருப்பதால், தரவரிசையில் பின்தங்கியவர் பணபலத்தால் தனியார் கல்லூரிக்குள் நுழையும் வாசல் திறந்தே இருக்கிறது. 2023இல் முதுநிலை நீட் தேர்வின் காலியிடங்களை நிரப்பத் தகுதிக் கோடு பூச்சியம் பெர்சன்டைலுக்கு இறக்கப்பட்டபோது, தேர்வு எழுதியதே தகுதி என்றாயிற்று.

நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை எதிர்த்தரப்பின் முதன்மை ஆவணம். மருத்துவத்தில் சேர்வோரில், முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த பழைய மாணவர்களின் பங்கு 2016-17இல் சுமார் 12 விழுக்காடாக இருந்தது, 2020-21இல் 71 விழுக்காட்டைத் தொட்டது என்பது அதன் கூர்மையான கண்டுபிடிப்பு. ஓராண்டு, ஈராண்டு வேலைக்குப் போகாமல் பயிற்சி மையத்தில் உட்கார வசதியுள்ள குடும்பத்துக்கு நீட் சாதகமானது என்பதற்கு இது வலுவான சான்று. ஆயினும் ஒரு எச்சரிக்கை தேவை. முந்தைய முறையில் மதிப்பெண்ணை உயர்த்த மறுமுறை எழுதும் இம்ப்ரூவ்மென்ட் வழி அடைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை எழுதியதுதான் முடிவு. அங்கே பழைய மாணவர் குறைவாக இருந்ததில் விதியின் பங்கும் உண்டு. 12க்கும் 71க்கும் இடையிலான தூரம் முழுவதையும் பயிற்சி மையங்களின் கணக்கில் எழுதிவிட முடியாது. அறிக்கையை எதிர்த்தவர்களில் இந்த இடத்தைத் தொட்டவர்கள் குறைவு. பலர் அதை அரசியல் ஆவணம் என்று தள்ளிவிட்டார்கள்.

4. அளவுகோலின் நுனி

இரு தரப்பும் தொடாத கேள்வி, தேர்வு எதுவானாலும் அதன் நுனி எவ்வளவு கூர்மை என்பது. இது புதிய கேள்வியுமல்ல. பொருளியலறிஞரும் புள்ளியியலாளருமான எட்ஜ்வொர்த் 1888இலேயே தேர்வு மதிப்பெண்களில் தற்செயலின் பங்கைக் கணக்கிட்டுக் காட்டினார். ஹார்ட்டாக், ரோட்ஸ் இருவரும் 1935இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று விடைத்தாள்கள் பதினைந்தை 14 தேர்வாளர்கள் ஓராண்டுக்கும் மேலான இடைவெளியில் இரண்டு முறை திருத்தினார்கள். ஆக 210 தீர்ப்புகள். அவற்றில் 92, முதல் முறை சொன்னதிலிருந்து மாறின. அதே ஆள், அதே தாள்.

கணக்குத் தாளிலும் கொள்குறி வினாவிலும் திருத்துபவரின் மனநிலைக்கு இடமில்லை என்று பதில் வரும். திருத்துபவர் போனாலும் வேறு தற்செயல்கள் போவதில்லை: எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வந்தது, அன்று காய்ச்சலா, தேர்வறையில் மின்விசிறி ஓடியதா. புள்ளியியலார் இதை அளவீட்டுப் பிழை என்பர். 100 மதிப்பெண் தாளில் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15, நம்பகக் கெழு 0.9 என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதுகூட ஒருவரது மதிப்பெண்ணைச் சுற்றிய வழக்கமான பிழை நாலே முக்காலுக்கு அருகில் வரும். உச்சியில் இருப்பவர்களுக்குப் பிழை இதைவிடக் குறுகும் என்று மறுக்கலாம், உண்மைதான். அங்கே குறுகுவதற்குக் காரணம் அளவுகோலே முடிந்துவிடுவது. பொறியியல் தரவரிசையில் 200க்கு 200 பெற்றவர்கள் 2024இல் 65 பேர், 2025இல் 144 பேர். ஓராண்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் அறிவு இருமடங்காகப் பெருகியிருந்தால் மகிழ்ச்சிதான். வினாத்தாள் எளிதாக இருந்தது என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

2024ஆம் ஆண்டு நீட் இதற்குத் தேசிய அளவில் ஓர் எடுத்துக்காட்டு. 67 பேர் 720க்கு 720 எடுத்ததாக ஜூன் 4 அன்று அறிவிப்பு வந்தது. அவர்களில் 44 பேர் முழு மதிப்பெண் பெற்றது ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளைச் சரியென ஏற்றதால். பழைய என்.சி.இ.ஆர்.டி. நூலும் புதிய நூலும் அணுவைப் பற்றி வேறு வேறு விதமாகச் சொல்லியிருந்தன. இன்னும் 6 பேருக்கு நேர இழப்புக்கான கருணை மதிப்பெண். உச்ச நீதிமன்றம் ஐ.ஐ.டி. டெல்லியின் வல்லுநர்களைக் கேட்டது. ஒரு விடைதான் சரி என்றார்கள். திருத்திய பட்டியலில் முதலிடத்தில் 17 பேர். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கில் ஒரே கேள்வியால் ஐந்து மதிப்பெண் மாறியது. வினாத்தாள் கசிவு பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், குற்றம் எதுவும் நடக்காத இந்தப் பகுதி கவனிப்பாரற்றுப் போனது. மோசடியைப் பிடித்துத் தண்டிக்கலாம். ஒரு பாடநூல் வாக்கியத்தில் தொங்கும் தரவரிசையை யார் தண்டிப்பது?

இதற்கும் முன்னால் 2021 இருக்கிறது. கொரோனா காரணமாகப் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கூட்டி மதிப்பெண் வழங்கினார்கள். எழுதாத தேர்வுக்குத் தசமப் புள்ளியோடு மதிப்பெண் வந்தது. பொறியியல் கலந்தாய்வு அதைக் கொண்டே நடந்தது. தசமம் எதற்காக என்பதில் ஒளிவுமறைவில்லை: வரிசையில் இருவர் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது.

5. மாவட்டமும் பள்ளியும்

தாளின் பிழையைவிடப் பெரியது, தாளுக்கு முன்னால் கடந்துவந்த பன்னிரண்டு ஆண்டுகளின் வேறுபாடு. அதைச் சரிக்கட்ட இடங்களைப் புவியியலால் பங்கிடும் யோசனை தமிழ்நாட்டில் 1960களில் இருந்தது. மாவட்ட மக்கள்தொகைக்கேற்ப மருத்துவ இடங்களைப் பிரித்த விதியை ராஜேந்திரன் வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர் தோற்று, அடுத்த மாவட்டத்தில் குறைந்தவர் வெல்வது சமத்துவத்துக்கு எதிரானது என்பது காரணம்.

கடலுக்கு அந்தப் பக்கம் அதே யோசனை வேறு வடிவில் வந்தது. இலங்கையில் 1970இல் மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வேறுபட்டது. மருத்துவத்துக்குத் தமிழில் எழுதியவர் 400க்கு 250 எடுக்க வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும் என்பதை ஆய்வாளர் சி.ஆர். டி சில்வா பதிவுசெய்திருக்கிறார். பின்னர் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. யாழ்ப்பாண இளைஞர்களிடம் அது மூட்டிய கோபத்தின் விளைவுகள் யாவரும் அறிந்தவை. இன்று அங்கே 40 விழுக்காடு திறமை, 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகை, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்கள் என்ற விகிதம் நடப்பில் உள்ளது. தமிழ்த் தரப்பில் குறைவாகப் பேசப்படும் செய்தி, இதன் பலன் பெறுவோரில் மன்னார், முல்லைத்தீவு, நுவரெலியா மாவட்டத்துத் தமிழ் மாணவர்களும் உண்டு என்பது. மொழியை வைத்து வெட்டுப்புள்ளி விதித்ததும், பள்ளி வசதியின்மையை வைத்து விதித்ததும் தரப்படுத்தல் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டதால் இரண்டின் அறமும் ஒன்றென்று தோன்றிவிட்டது. முதலாவதற்கு நியாயம் கற்பிக்க என்னால் இயலாது, இரண்டாவதற்கு இயலும்.

தமிழ்நாடு தேர்ந்துகொண்ட வழி மாவட்டம் அல்ல, பள்ளி. நீதியரசர் பி. கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைக்க, அமைச்சரவை 7.5 என்று முடிவுசெய்தது. நீட்டில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த உள்ஒதுக்கீடு 2020 அக்டோபர் இறுதியில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. முதல் ஆண்டில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்குமாக 405 இடங்கள். மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் விரிந்தது. மதிப்பெண்ணை அது ஒழிக்கவில்லை. ஒரே மாதிரி பள்ளிகளில் படித்தவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடச் செய்தது. அளவையின் நோக்கில் பார்த்தால் இதுவே சரியான ஒப்பீடு.

6. குலுக்கலைப் பற்றி

அளவுகோல் காட்டமுடியாத வேறுபாட்டுக்குக் குலுக்கலே நேர்மையான முறை என்ற வாதம் நெதர்லாந்தில் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 1970களிலிருந்து அங்கே மருத்துவ இடங்கள் எடையிட்ட குலுக்கலில் வழங்கப்பட்டன. பள்ளி மதிப்பெண் கூடக்கூடச் சீட்டு விழும் வாய்ப்பும் கூடும். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களும் தோற்றதால் எழுந்த எதிர்ப்பில், 1999 முதல் பத்துக்கு எட்டு சராசரி எடுத்தவர்களுக்கு நேரடி இடம் தரப்பட்டது. 2017இல் குலுக்கலையே கைவிட்டுக் கல்லூரிகள் தாமே தேர்ந்தெடுக்கும் முறைக்குப் போனார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதற்குத் தயாராகி வருகிறார்கள் என்ற கவலை வலுத்து, சில ஆண்டுகளில் குலுக்கலுக்கு மீண்டும் சட்ட அனுமதி கிடைத்தது. தேர்ந்தெடுத்துச் சேர்த்தவர்கள் சற்று மேல் என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு, வேறுபாடில்லை என்றவையும் உண்டு.

நம் சட்டத்துக்கும் இது அந்நியமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிச் சேர்க்கையில் ‘வடிகட்டும் முறை’ என்பதற்குத் தரும் வரையறையே குலுக்கல் அல்லாத எந்தத் தேர்வும் என்பதுதான். அதைத் தடையும் செய்கிறது. தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பம் மிகுந்தால் பெற்றோர் முன்னிலையில் சீட்டு எடுக்கப்படுகிறது. ஆறு வயதில் அறமாக இருப்பது பதினெட்டு வயதில் அவமானமாகிவிடுகிறது.

குலுக்கலைப் பேசும்போது யாராவது உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துவைப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை மக்களாட்சி என்று புகழ்வது மேடை வழக்கம். கல்வெட்டைப் படித்தால் தெரிவது வேறு. கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி என்று நிபந்தனைகள் நீளுகின்றன. அவற்றைத் தாண்டியவர்களின் பெயர்கள்தான் குடத்துக்குள் போயின. சீட்டை எடுத்த சிறுவனின் கை நடுநிலையானது. வெளியே நிறுத்தப்பட்டவர்களை அந்தக் கை தொடவே இல்லை. குலுக்கல் ஒருபோதும் தானாக நீதியாகாது என்பதற்கு இது நல்ல சான்று: அநீதி தகுதிக் கோட்டில் குடியிருக்கும்.

இரண்டு மறுப்புகள் கனமானவை. குலுக்கல் வந்தால் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகும் என்பது ஒன்று. எல்லோரையும் குலுக்கச் சொன்னால் அது உண்மை. கோட்டைத் தாண்டவும், எடையிட்ட முறையில் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளவும் உழைப்பு தேவைப்படும். வீணாவது கடைசிக் கால் மதிப்பெண்ணுக்காகச் செலவிடும் இரண்டாவது, மூன்றாவது ஆண்டுதான். மற்றொன்று நம்பிக்கை. நேர்முகத்தை விரட்டி மதிப்பெண்ணைக் கொண்டுவந்த சமூகம் கணினிக் குலுக்கலை ஏற்குமா? முன்வைக்கப்பட்ட எல்லா மறுப்புகளிலும் இதுவே எனக்கு வலுவாகப் படுகிறது. எண்ணைப் பார்த்துத் தோல்வியை விழுங்கக் கற்றவர்கள், சீட்டைப் பார்த்தால் சதியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆகவே முழுக் குலுக்கலை நான் பரிந்துரைக்கவில்லை. முதல் அடி சிறியது: தேர்வு நடத்தும் அமைப்புகள் ஒவ்வொரு தாளின் நம்பகக் கெழுவையும் அளவீட்டுப் பிழையையும் மதிப்பெண்ணோடு சேர்த்து வெளியிட வேண்டும். சமநிலையை உடைக்கும் விதிகளிலிருந்து பிறந்த தேதி நீங்கி, ரேண்டம் எண் அந்த இடத்துக்கு முன்னேறலாம். பிழையின் அகலத்துக்குள் நிற்பவர்களைத் தனிப்படிகளாக்காமல் ஒரே பட்டையாகக் கொண்டு, பட்டைக்குள் அரசுப் பள்ளிக்கு முன்னுரிமை தருவது அதற்கடுத்தது.

இவற்றைச் சோதித்துப் பார்க்கத் தேவையான தரவு அரசின் கையிலேயே இருக்கிறது. யார் எந்த மதிப்பெண்ணில், எந்த ஒதுக்கீட்டில் நுழைந்தார்கள் என்ற பதிவு கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிடம். அவர்கள் ஒவ்வொரு ஆண்டும் எப்படித் தேறினார்கள் என்ற பதிவு கிண்டியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடம். உள்ஒதுக்கீட்டில் 2020இல் சேர்ந்த முதல் அணி நாலரை ஆண்டுப் படிப்பை முடிக்கும் காலம் வந்துவிட்டது. அவர்களுடைய இறுதியாண்டு முடிவுகளை, அதே கல்லூரியில் நீட்டில் நூறு மதிப்பெண் கூடுதலாக எடுத்து அருகிலிருந்து படித்தவர்களின் முடிவுகளோடு, பெயர்களை நீக்கிவிட்டு, பாடவாரியாக ஒப்பிட வேண்டும். 2017க்கு முன் பிளஸ் டூ மதிப்பெண்ணால் சேர்ந்தவர்களுக்கும் பின்னர் நீட்டால் சேர்ந்தவர்களுக்கும் அதே ஒப்பீட்டைச் செய்யலாம். கிண்டிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் இடையே அந்த இரண்டு கோப்புகளும் சந்தித்தால், கால் மதிப்பெண்ணின் எடையை அனுமானிக்க வேண்டியிராது, கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.